கயிறு பிடிப்பவர் யார்?

1544-ம் ஆண்டிலே அர்ச். சவேரியார் நம் முத்துக்குளித்துறையிலிருந்து தம் துணைவர் மான்சிலாசுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் அபராதமும் மூன்று நாள் காவலும் விதிக்கச் சொன்னார். ஊரில் இனிக் குடி நடந்தால் பட்டங்கட்டிகளே பொறுப்பென்றும் எச்சரித்தார். ஆயினும் குடி இன்னும் நம் கரையை விடவில்லை. கஞ்சாவும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளைத் தேடி வருகிறது. அபராதம் வீணென்பதல்ல, அது போதாது. பயம் காவலன் கண் மறையும் வரைதான்.

அமெரிக்காவில் செரோக்கி என்னும் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பள்ளியில் வட்டமாக அமர்த்தி, முன்னோர் வழக்கப்படி மனம்விட்டுப் பேச வைத்தார்கள். பொறுப்பு, கட்டுப்பாடு, தன்னம்பிக்கை ஆகிய தங்கள் குலப்பண்புகளைக் கற்பித்தார்கள். வழக்கமான போதை எதிர்ப்புப் பாடத்தைவிட இது அதிக நற்பலன் தந்ததென்று 2012-ல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

நம்மிடமும் அத்தகைய செல்வம் உண்டு. 1961-க்குப் பின் இங்கே முத்துக்குளிப்பு இல்லை. அதுவரை நம் குளியாளி மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்றது, தோணியில் கயிறு பிடித்தவனை நம்பியே. பிடித்தவன் மயங்கினால் குளித்தவன் பிழைப்பானா? இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "குடிக்காதே" என்பது வெறும் கட்டளை. "உன்னை நம்பி ஒருவன் கீழே இருக்கிறான்" என்றால் பிள்ளை நிமிர்ந்து நிற்பான்.

ஆனால் பெற்றோரே, பிள்ளைகள் இறங்கியிருக்கும் கடலுக்குக் கயிறு நம் கையில் அல்லவா? குடித்த கையால் அதைப் பிடிக்கலாமா?