அவையின் கடன்

அறிவுத்துறையிற் புதிதாய்க் காலடி வைக்கும் இளைஞனுக்குச் சமூகம் கொடுக்கவேண்டியது யாது? ஊக்கமொழியும் உதவிப் பணமும் வேண்டாமென்பார் எவருமிலர். இவற்றைக் கொடுத்த பின்னரும் தீராத கடனொன்று உண்டு. விஞ்ஞான மாநாடுகளின் வரலாறு அதனை நமக்குக் காட்டுகிறது.

1935 ஜனவரி 11ஆம் நாள், இலண்டன் அரச வானியற் கழகத்தின் கூட்டத்திலே, இருபத்துநான்கு வயதினரான சுப்பிரமணியன் சந்திரசேகர் தம் ஆய்வை எடுத்துரைத்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குறுமீனாக ஒடுங்கி அமைதி பெறுவதற்கு ஓர் எல்லையுண்டு. சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கினை விஞ்சியது அவ்வாறு ஓய்ந்திருக்க இயலாது என்பது அவர் கண்ட முடிபு. அடுத்துப் பேச எழுந்தவர் பேரறிஞர் எடிங்டன். அவ்வாய்வின் வளர்ச்சியை மாதக்கணக்கில் அருகிருந்து கண்டவர். தம் மறுப்பை இளைஞரிடம் முன்னதாகச் சொல்லாதவர். அன்று அவர் எள்ளி நகையாட, அவையும் சேர்ந்து சிரித்தது.

எள்ளலினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. போரும் பௌலியும் போன்ற பௌதிக மேதைகள் எடிங்டனின் வாதத்தை ஏற்கவில்லை. ஆயின் அதனைத் தனிமையிற் சொன்னார்களேயன்றி, அரங்கிற் சொல்ல முன்வரவில்லை. அதே ஆண்டு பாரிசில் நடந்த வானியல் மாநாட்டிலே எடிங்டன் மீண்டும் தாக்கியபோது, மறுமொழி கூற அவைத்தலைவர் இளைஞருக்கு இடமளிக்கவில்லை. சந்திரசேகர் 1939இல் தம் ஆய்வுகளை நூலாக்கிவிட்டு வேறு துறைக்குத் திரும்பினார். நோபெல் பரிசு அவரை அடைந்தது 1983இல்.

உண்மை இறுதியில் வென்றதன்றோ என்பர் சிலர். வென்றது மெய்யே. ஆனால், சந்திரசேகரின் நெஞ்சுரம் வாய்க்காத எத்தனை இளைஞர் அத்தகைய சிரிப்பொலியோடு ஒடுங்கிப்போயினரோ! தோற்றவர்களுக்கு வரலாறு எழுதப்படுவதில்லை.

அவைக்குள் நின்றவரின் துயர் இதுவாயின், அவைக்கே வழியற்றவரின் துயர் மற்றொன்று. 1951இல் கேம்பிரிட்ஜிலிருந்து லாகூருக்குத் திரும்பிய அப்துஸ் சலாம், தம் துறைபற்றிக் கலந்து பேசவும் ஆளின்றித் தனிமைப்பட்டார். 1954இல் மீண்டும் நாட்டைவிட்டுச் சென்றார். அத்தனிமையை அவர் மறக்கவில்லை. 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரிலே சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக நிலையம் அவர் முயற்சியால் உருவாயிற்று. வறிய நாட்டு விஞ்ஞானி தாயகத்துப் பணியைத் துறவாமலே இடையிடையே அங்குச் சென்று, சமநிலையினரோடு உரையாடி மீள வகைசெய்தார். இது பிச்சையன்று, உரிமைக்கு வழிவிடுதல்.

இவ்விரு வரலாறுகளும் எமக்குத் தொலைவானவை அல்ல. கல்முனைக்கு அண்மையிலே, சம்மாந்துறையிலே, தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளையும் வயற்காரர் வீட்டுப் பிள்ளையும் பௌதிகவியல் கற்கும் காலமிது. அவர்கள் ஆய்வரங்குக்குச் செல்லப் பயணச் செலவு கொடுப்பது முதற்கடன். அங்கே அவர்களின் சொல் அளந்து பார்க்கப்படவும், மறுக்கப்பட்டால் மறுமொழி கூறவும் இடமளிப்பது அதனினும் பெரிய கடன். பொன்னாடைக்கும் புகழுரைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இளையவரின் கட்டுரைக்குப் பத்து நிமிடம் கொடுக்கும் அரங்கு அக்கடனைத் தீர்க்குமா?

மூத்தோர் முன் மௌனமே அதபு என்று பழகிய மண் எமது. மரியாதையை நாம் இகழவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது அவரை மனமாரப் போற்றியவர் சந்திரசேகர். எனினும் தம் கணக்கில் ஓர் இலக்கத்தையும் அவருக்காக மாற்றியவரல்லர். மரியாதையும் மறுப்பும் ஒரே நெஞ்சிற் குடியிருக்கக் கூடும்.

ஆகவே, கடமை இளையவரைவிட மூத்தவர்க்கே மிகுதி. இளைஞனின் தவறைக் கண்டால் அதனை முன்கூட்டியே அவனிடம் சொல்லட்டும். அவன் பக்கம் உண்மை இருப்பதை அறிந்தால் அவையில் எழுந்து சொல்லட்டும். அறிந்தும் வாய்திறவாத சான்றோர் நிறைந்த அவையைச் சான்றோர் அவையென்று நாம் எவ்வாறு அழைப்பது?