சாமி வேடம் போடச் சாமி கும்பிட வேண்டுமா?

திருவெறும்பூரை ஒட்டிய கைலாசபுரத்தில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை ஓடத் தொடங்கியது 1965-ல். செக்கோஸ்லோவாகியாவின் தொழில்நுட்பம், மத்திய அரசின் பணம், குடியிருப்புக்கு மட்டும் சிவபெருமானின் முகவரி. அதே ஆண்டு ஜூலை 31-ல் ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ வெளியானது. திரையில் கயிலையில் வீற்றிருந்த சிவன், இந்தக் கைலாசபுரத்திலிருந்து சில மைல் தள்ளி, பொன்மலைக்குப் பக்கத்துச் சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த பையன்.

சங்கிலியாண்டபுரம் ஒரு விசித்திரமான பேட்டை. சிவாஜி கணேசன் சிறுவயதில் கட்டபொம்மன் கூத்துப் பார்த்த மயக்கத்தில், அப்பா அம்மா இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தது இங்கிருந்துதான். எம்.கே. தியாகராஜ பாகவதர் 1959 நவம்பர் 1-ல் சென்னையில் இறந்தபோது, உடலைக் கொண்டுவந்து இறுதிச் சடங்கு செய்ததும் இங்கேதான். எம்.ஆர். ராதா கண்ணை மூடியதும் இதே திருச்சியில். ஒருவர் பரம பக்தர். ஒருவர் கடைசிவரை கறுப்புச் சட்டைக்காரர். நடுவில் ஒருவர் 1946-ல் பெரியார் வாயால் ‘சிவாஜி’ என்று பெயர் வாங்கி, ‘பராசக்தி’யில் கோயில் பூசாரியை உலுக்கி எடுத்து, 1950களின் நடுவில் திருப்பதிக்குப் போய்வந்து பழைய தோழர்களின் கேலிக்கு ஆளாகி, பிறகு சிவனாகவும் அப்பராகவும் ஆழ்வார்களாகவும் திரையில் நின்றவர். சாமி வேடம் போடுகிறவர் சாமி கும்பிடுகிறவராக இருக்க வேண்டுமா என்ற கேள்வியை விசாரிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

கேள்வி பொழுதுபோக்குக்கானது அல்ல. நம்பிக்கை இல்லாத ஒருவர் கொட்டகை நிறையக் கண்ணீர் வரவழைத்தால், அந்தப் பக்தி உண்மையா, ஏமாற்றா? தேங்காய் உடைத்துச் சூடம் காட்டிவிட்டுப் படம் பார்த்த தலைமுறைக்கு இது பட்டிமன்றத் தலைப்பு அல்ல, வீட்டு விஷயம்.

காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. மார்கழித் திருவிழாவில் அரையர்கள் கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு, திவ்யப் பிரபந்தப் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கிறார்கள். நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் மரபு. முத்துக்குறி என்ற பகுதியில் காதலில் வாடும் மகள், கவலைப்படும் தாய், முத்துகளை வைத்துக் குறி சொல்லும் கட்டுவிச்சி என்று மூவரும் ஒரே அரையர்தான். குரலும் பார்வையும் மாறுமே தவிர உடை மாறாது. இங்கே நடிப்பும் கைங்கரியம்; முதல் ரசிகர் பெருமாள். அவர் முன்னால் நம்பிக்கை இல்லாமல் நிற்பதற்கு அந்த மரபில் இடமே கிடையாது.

தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரகலாத சரித்திரத்தில் நரசிம்மராக வருபவர் விரதம் இருந்து, பூஜையில் வைத்த முகமூடியை அணிகிறார். சரி. ஆனால் எதிரே நின்று கடவுளே இல்லை என்று சவால் விடும் இரணியனும் அதே ஊர்ப் பக்தர்தானே? நாத்திகனாக நடிக்க அவர் நாத்திகராக வேண்டியதில்லை என்றால், பக்தராக நடிக்க மட்டும் ஏன் பக்தராக வேண்டும்? கோயில் நாடகமே தன் பதிலில் ஓர் ஓட்டையை வைத்திருக்கிறது.

கம்பெனி நாடகம் அந்த ஓட்டை வழியாகத்தான் வளர்ந்தது. 1914-ல் எஃப்.ஜி. நடேச ஐயர் திருச்சியில் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவில், ‘அரிச்சந்திரா’வின் லோகிதாசனாக, பின்னாளில் பாகவதரான சிறுவன் தியாகராஜன் மேடையேறினான். நடேச ஐயர் ரயில்வே அதிகாரி. பிற்பாடு ‘சேவாசதன’த்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு நடித்தவர். பாய்ஸ் கம்பெனிகளிலோ பையன்களை விடியற்காலையில் எழுப்பிப் பாட்டும் வசனமும் நடையும் உருப்போட வைத்தார்கள். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்த கணேசனுக்குக் கிடைத்த முதல் வேடம் சீதை. சீதையின் கற்பை நம்புகிறாயா என்று எந்த வாத்தியாரும் அந்தப் பையனைக் கேட்டிருக்க மாட்டார். தலையைக் குனி, விரலை இப்படி மடக்கு, அழுகை தொண்டையில் நிற்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை தொடங்கி எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கும்போது உடம்பில் தெரிவதைத்தான் கணக்கில் எடுக்கிறார். உள்ளே இருப்பவர் ஆத்திகரா என்ற விசாரணை அதில் இல்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோவும், பெரிய நடிகர் உணர்ச்சியில் கரைவதில்லை, உணர்ச்சியின் அடையாளங்களைத் துல்லியமாகக் கொண்டுவருகிறார் என்று வாதாடினார். திருச்சி நாடகக் கொட்டகைகளில் அதைப் புத்தகம் இல்லாமலே கற்றுக்கொடுத்தார்கள்.

‘திருவருட்செல்வர்’ (1967) அப்பரைப் பாருங்கள். வளைந்த முதுகு, கையில் உழவாரப்படை, பேசும்போது லேசாக ஆடும் தலை, தரையைப் பார்த்தே பழகிய கண். நாற்பதைத் தொடாத நடிகர் எண்பதைத் தாண்டிய அடியாராக நடக்கிறார். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியைப் பார்த்து அந்தச் சாயலை எடுத்துக்கொண்டதாகச் சிவாஜியே சொல்லியிருக்கிறார். அவர் அங்கிருந்து கொண்டுவந்தது அத்வைதத்தை அல்ல. ஒரு முதியவர் உட்காரும் விதத்தை, உடம்பை ஒரு பொருட்டாக நினைக்காத ஒருவரின் உடம்பை. அடுத்த ஆண்டே ‘திருமால் பெருமை’யில் ஸ்ரீரங்கத்து விப்ரநாராயணராக, தேவதேவியிடம் மயங்கி மீண்ட தொண்டரடிப்பொடியாக நின்றார். சைவத்திலிருந்து வைணவத்துக்கு ஒரே வருடத்தில் இப்படிப் போய்வர நடிகரால்தான் முடியும். இரண்டு கூட்டமும் கும்பிட்டது.

இதற்கு மறுப்பும் உண்டு. கே.பி. சுந்தராம்பாளைச் சொன்னால் வாதம் ஆட்டம் காணும் என்பார்கள். 1933-ல் கணவர் கிட்டப்பா இறந்ததும் வெள்ளைச் சேலைக்கு மாறி, ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தவர். 1935-ல் நந்தனாராக ஆண் வேடத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் பெற்றவர். 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’. அவரது முருக பக்தி இல்லாமல் அந்தக் குரல் ஏது? நியாயமான கேள்வி. ஆனால் அதே சுந்தராம்பாள் 1964-ல் ‘பூம்புகார்’ படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாக வந்தார், அதுவும் நாத்திகரான மு. கருணாநிதி எழுதிய வசனத்தில். முருக பக்தையின் குரலில் பிறந்த கவுந்தியைத் தமிழர்கள் மறுப்பின்றி ஏற்றார்கள். பக்தி அந்தக் குரலுக்கு வலு சேர்த்திருக்கலாம். அது இல்லாவிட்டால் வேடம் நிற்காது என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை.

நம்பிக்கை நடிகரிடம் இருக்கிறதா என்று தேடுவதே தப்பான வாசலைத் தட்டுவது. அது பார்க்கிறவர் கொண்டுவருவது. திருப்பதி போய்வந்தவர்கள் சென்னையில் என்.டி. ராமராவ் வீட்டு வாசலில் நின்றதும், 1987-ல் தூர்தர்ஷன் ‘ராமாயண’ நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை போட்டதும் இதனால்தான். மாலை தயாராக இருந்தது. அதைப் போட ஒரு முகம் கிடைத்தது.

பாகவதர் கதையில் இது வேதனையாகவே வெளிப்பட்டது. 1944 அக்டோபர் 16, தீபாவளிக்கு அவர் நடித்த ‘ஹரிதாஸ்’ வெளியானது. தாசியின் மயக்கத்தில் பெற்றோரைத் துரத்தி, முனிவரை அவமதித்துக் கால்களை இழக்கும் ஒருவன், மனம் திருந்திப் பெற்றோருக்குப் பணி செய்து கால்களைத் திரும்பப் பெறும் கதை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 8-ல் சென்னை வேப்பேரியில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது, 1945-ல் ஆயுள் தண்டனை. சென்னை பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதாவது காட்சிக்குக் காட்சி ஹரிதாஸுக்குக் கால்கள் திரும்பிக்கொண்டிருந்த மாதங்களில், அந்த வேடம் போட்டவர் சிறையில் இருந்தார். அவரை மீட்க எந்தக் கண்ணனும் வரவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

ஊர் இதற்கு விதி என்று பெயர் வைத்தது. இன்றும் பாகவதர் பேச்சு வந்தால் திருச்சிப் பெரியவர்கள் அந்த ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் விதியின் கணக்கு இங்கே ஒத்துவரவில்லை. பாகவதர் பக்தர், கிருஷ்ணன் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்தே சிரிக்க வைத்தவர். இருவருக்கும் ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே விடுதலை. வெளியே வந்ததும் கிருஷ்ணன் அண்ணாதுரை எழுத்தில் ‘நல்லதம்பி’ (1949) எடுத்தார், மறுபடி கொட்டகையைச் சிரிக்க வைத்தார். பாகவதருக்கு ‘ராஜமுக்தி’யில் தொடங்கிய சறுக்கல் நிற்கவில்லை. அதற்கு முன்வினையைத் தேட வேண்டாம். பாட்டுகளால் ஓடிய சினிமா அந்த மூன்று ஆண்டுகளில் வசனத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. 1957-ல் கிருஷ்ணன், 1959-ல் பாகவதர். பக்தரும் சரி, கிண்டல்காரரும் சரி, ஐம்பது வயதைத் தொடவில்லை.

எம்.ஆர். ராதாவுக்கு நேர்ந்தது இதைவிட வேடிக்கை. அவரது ராமாயண நாடகம் கிளப்பிய புயலின் நடுவே 1954-ல் சென்னை மாநில அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவந்தது. அதே 1954-ல் படமாக வந்த ‘ரத்தக்கண்ணீர்’ அதற்கு முன் நாடகமாகவே ஊர் ஊராகப் புகழ்பெற்றிருந்தது. எழுதியவர் திராவிடர் கழகத்துத் திருவாரூர் கே. தங்கராசு. அதில் ராதா நடித்த, சீமையிலிருந்து திரும்பிய மோகனசுந்தரம் கரகரப்பிலிருந்து கீச்சுக் குரலுக்குத் தாவும் பேச்சில் சாமி, சாத்திரம், சம்பிரதாயம் எதையும் விட்டுவைப்பதில்லை. பிறகு தொழுநோய். விரல்கள் மடங்கி, தோல் தடித்து, பிச்சைக்கு நீளும் கை. அந்த உடம்பைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை.

இப்போது ‘ஹரிதாஸை’யும் ‘ரத்தக்கண்ணீரை’யும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தாசி வீடு, தாயை அவமதித்தல், மனைவியைக் கைவிடுதல், கடைசியில் உடம்பு ஊனப்படுதல். எலும்புக்கூடு ஒன்றே. பக்தர் படத்தில் கடவுள் வந்து கால்களைத் திருப்பித் தருகிறார். பகுத்தறிவாளர் படத்தில் தருவதற்கு யாரும் இல்லை. நாத்திகம் அருளை மட்டும் வெளியேற்றியது. தண்டனையை அப்படியே வைத்துக்கொண்டது. சைவ சித்தாந்தத்தில்கூட வினை தானாகப் பலன் தராது, அதை ஊட்ட இறைவன் வேண்டும், அவன் அருளால் அது தீரவும் செய்யும். கடவுள் இல்லாமல் தானே இயங்கும் வினை என்பது கவுந்தியடிகளின் சமணம். சிலப்பதிகாரத்தில் அவர் கோவலனையும் கண்ணகியையும் அழைத்துக்கொண்டு நடந்த பாதை அரங்கத்தையும் உறையூரையும் ஒட்டித்தான் போகிறது. ராதா நடித்தது பெரியாரின் கருத்தை. கொட்டகை பார்த்துவிட்டுப் போனது கவுந்தியின் வினையை. ‘செஞ்ச பாவம்’ என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்த பாட்டிகளுக்கு அவர் சாமியை நையாண்டி செய்தது ஒரு பொருட்டாகவே படவில்லை.

ராதா இறந்தது 1979 செப்டம்பர் 17. பெரியார் பிறந்து சரியாக நூறு ஆண்டு நிறைந்த நாள். இதிலும் விதியைப் பார்க்கிறவர்கள் உண்டு. கேட்டிருந்தால் அவர் அந்தக் கீச்சுக் குரலில் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது கடினமல்ல.

நடிகருக்கு நம்பிக்கை தேவையில்லை என்றால் பொறுப்பு பார்க்கிறவர் பக்கம் வந்துவிடுகிறது. ‘ரத்தக்கண்ணீர்’ இன்றும் தொலைக்காட்சியில் வருகிறது. அதைப் பார்த்து வளர்ந்த பலர் தொழுநோயை ஒழுக்கக் கேட்டின் கூலி என்றே நம்புகிறார்கள். அது பால்வினை நோய் அல்ல. ஒரு கிருமியால் வருவது என்று 1873-லேயே நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டார். படம் வந்த காலத்திலேயே டாப்சோன் மாத்திரை புழக்கத்துக்கு வந்திருந்தது. இன்றைய கூட்டு மருந்தை வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் நோய் குணமாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது இலவசம். தெரிந்தவர் யாருக்காவது தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால், முன்வினைப் பேச்சை விட்டுவிட்டு அங்கே அழைத்துப் போங்கள்.