தேர்வை நிறுத்துதல் அறமா?

பள்ளித் தேர்வு ஒரு துலாக்கோல். ஒரே நாளில் ஒரே வினாத்தாளை எல்லாப் பிள்ளைகள் முன்னும் அது வைக்கிறது. எழுதுபவர் தோட்டத் தொழிலாளியின் பிள்ளையா, பட்டணத்துச் செல்வரின் பிள்ளையா என்று அது கேட்பதில்லை. ஏழைகள் தேர்வின்மீது கொண்ட நம்பிக்கை இதில்தான் வேரூன்றியுள்ளது. ஆயின், கொடுநோய் நாட்டைச் சூழ்ந்த வேளையில் அக்கோலை எடுத்து வைப்பது நீதியா, அநீதியா?

மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டின் யு.பி.எஸ்.ஆர்., பி.டி.3 தேர்வுகள் நடைபெறமாட்டா என்று கல்வியமைச்சர் ராட்ஸி ஜிடின் ஏப்ரல் 15ஆம் நாள் அறிவித்தார். எஸ்.பி.எம். தேர்வு 2021ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அம்முடிவில் அறம் இருந்தது. பாடம் வகுப்பறையை விட்டு வீட்டுக்குச் சென்றபோது, தனி அறையும் கணினியும் பெற்ற பிள்ளையும் உண்டு. தந்தையின் ஒற்றைக் கைப்பேசிக்காக உடன்பிறந்தாரோடு முறைவைத்துக் காத்திருந்த பிள்ளையும் உண்டு. அந்நிலையில் தேர்வு நடந்திருப்பின் அது மாணவனை அளந்திராது. அவன் வீட்டையே அளந்திருக்கும்.

எனினும், கோலை எடுத்து வைத்ததால் நிறுக்கும் வேலை நின்றுவிடவில்லை. தமிழ்ப்பள்ளி மாணவன் நேரே முதற்படிவத்துக்குச் செல்வானா, புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில்வானா என்பதை யு.பி.எஸ்.ஆர். மலாய்மொழித் தேர்ச்சியே முடிவு செய்து வந்தது. தேர்வு போயிற்று, முடிவு செய்யவேண்டிய கடமை ஆசிரியரின் மதிப்பீட்டைச் சேர்ந்தது.

தேர்வுக்கு மாற்றாக எதை வைப்பது என்பது எளிய வினா அன்று. அதே ஆண்டில் இங்கிலாந்து ஏ நிலைத் தேர்வை நீக்கி, ஆசிரியர் தந்த மதிப்பீடுகளைக் கணக்கீட்டு முறையொன்றால் திருத்தியது. பள்ளியின் முந்தைய ஆண்டு முடிவுகளும் அதில் சேர்க்கப்பட்டன. ஆகஸ்டு 13ஆம் நாள் முடிவுகள் வெளிவந்தபோது ஏறத்தாழ 40 விழுக்காட்டு மதிப்பீடுகள் குறைக்கப்பட்டிருந்தன. தான் எழுதியதற்காக அன்றி, தனக்கு முன் அதே பலகையில் அமர்ந்தோர் எழுதியதற்காக ஒருவன் தண்டிக்கப்பட்டான். எதிர்ப்பு வலுக்கவே, 17ஆம் நாள் அம்முறை கைவிடப்பட்டது.

தேர்வு ஒரே வேளையில் நீதிபதியாகவும் சாட்சியாகவும் விளங்குகிறது. நோய்க்காலத்தில் நீதிபதிக்கு ஓய்வளிப்பது தகும். சாட்சியையும் வெளியேற்றுவது தகாது. வெப்பமானியை ஒளித்து வைப்பதால் காய்ச்சல் தணியாது. எந்தப் பிள்ளை எப்பாடத்தில் எவ்வளவு பின்தங்கியது என்பதைத் தண்டிப்பதற்காக அன்றித் துணைசெய்வதற்காக அறிந்தாக வேண்டும்.

யு.பி.எஸ்.ஆர். 2021ஆம் ஆண்டிலும் பி.டி.3 2022ஆம் ஆண்டிலும் அடியோடு நீக்கப்பட்டன. எனவே, 2020ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு பயின்று நேரே முதற்படிவம் சென்றோர் சந்தித்த முதற்பொதுத்தேர்வு, 2025ஆம் ஆண்டுக்குரிய எஸ்.பி.எம். தேர்வே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அவர்களின் குறையைக் கண்டு கைகொடுத்தவர் இருந்திருப்பின், தேர்வை நிறுத்தியது கருணை. கண்டவர் எவரும் இலர் எனின், அது தீர்ப்பைத் தள்ளிவைத்ததே அன்றி வேறில்லை.