ஒருவேளைச் சோறும் முப்பதாண்டுத் திட்டமும்



திட்டமிட்டு வாழுங்கள் என்று புத்தி புகல்வோர் பெருகிவிட்டனர். ஐந்தாண்டில் எங்கே நிற்பாய், பத்தாண்டில் யாராவாய் என்று எழுதிவைக்கச் சொல்கின்றனர். கேட்க இனிக்கிறது. யாரைப் பார்த்து இதைச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோமா?

நெல்லைச் சீமையில், பனைகள் சூழ்ந்த இடையன்குடிக்கு 1841இல் வந்து சேர்ந்தார் கால்டுவெல். மதம் பரப்ப வந்தவர்; அந்தப் பணியில் பகுத்தறிவாளர்க்கு உடன்பாடில்லை. ஆயினும், காலத்தை அவர் ஆண்ட திறத்தை மறுக்க முடியுமா? 1847இல் தொடங்கிய தேவாலயம் முடிந்தது 1880இல். முப்பத்துமூன்று ஆண்டுகள்! இடையிலே, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். வடமொழியின் துணையின்றியே தமிழ் தனித்தியங்கும் என்று உலகுக்கு உரைத்த நூல் அது. அத்தோடு ஓய்ந்தாரா? திருத்தி, விரித்து, 1875இல் மீண்டும் வெளியிட்டார்.

ஊக்கம் என்பீர்கள். உண்மையே. மற்றொன்றும் உண்டு; அதை யாரும் பேசுவதில்லை. அடுத்த மாதச் சோற்றுக்கு அவர் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. அனுப்பிய சங்கம் படியளந்தது. ஆகவே கண் தொலைவை நோக்கிற்று.

அந்தப் பனங்காட்டை விட்டுத் தாமிரபரணிக் கரைக்கு வருவோம். முக்கூடலிலே பீடி சுற்றுகிறாள் ஒரு தாய். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையும் தூளும் வராத நாளில் கூலியும் வராது. அவள் மகள் பள்ளியிறுதித் தேர்வில் வென்றுவிட்டாள் என்று வையுங்கள். வீட்டில் மகிழ்ச்சி எழுமுன் கேள்வி எழுகிறது: கல்லூரியா, பீடித் தட்டா? தட்டு இந்த வாரமே காசு தரும். கல்லூரி மூன்றாண்டு கழித்துத் தருமோ, தராதோ! தாய் தட்டைத் தேர்ந்தால், தொலைநோக்கற்றவள் என்று அவளைப் பழிக்க நாம் யார்? கணக்கறியாதவளா அவள்? நாள்தோறும் ஆயிரத்தை விரலால் எண்ணுபவளாயிற்றே! அணையின் நீர்மட்டம் பார்த்துக் காரும் பிசானமும் விதைக்கும் குத்தகை உழவனும் முன்னோக்கத் தெரிந்தவன்தான். மகன் வாழ்வில் மட்டும் அடுத்த அறுவடைக்கு அப்பால் அவன் பார்வை செல்வதில்லை. கடன் வழிமறிக்கிறது. இதற்குத்தான் தலையெழுத்து என்று பெயரிட்டுத் தப்பித்துக்கொண்டது சமுதாயம்!

திராவிட இயக்கத்தின் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். 1920இலேயே தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகட்குப் பகலுணவு அளித்தது. 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் அதை நாட்டுக்கு விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. ஒருவேளைச் சோறு! அதனினும் குறுகிய திட்டம் உண்டோ? மாலைக்குள் செரித்துவிடும். அதை உண்ட பிள்ளையோ பன்னிரண்டாண்டு படித்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற 2022ஆம் ஆண்டின் புதுமைப் பெண் திட்டமும் இவ்வழியில் வந்ததே. பீடித் தட்டுக்கு எதிர்த்தட்டில் வைத்த எடைக்கல் அது. இன்னும் கனமாக இருந்திருக்கலாம் என்பேன்.

சரி, மாதம் முதல் தேதி ஊதியம் வாங்கும் நாம்? நமக்குப் படியளக்கப்படுகிறது, பார்வை நீண்டதா? ஒன்றரை மணி நேர இராகுகாலத்தைக் கடிகாரம் பார்த்துத் தவிர்க்கிறோம். ஒரு நாள் திருமண ஆடம்பரத்துக்குப் பத்தாண்டு வட்டி கட்டுவதை மட்டும் தவிர்ப்பதில்லை! சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா 1967இல் சட்டம் தந்தார். மாலையிரண்டு போதும். மிஞ்சும் பணத்தில் தங்கையொருத்தி பட்டம் பெறலாமே!

தேர்வு முடிவுகள் வரும் நாளில், உங்கள் தெருவில் தேறிய பெண்ணின் வீட்டுத் திண்ணையில் போய் அமருங்கள். கல்லூரி விண்ணப்பம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். தட்டை விட்டால் வாரத்துக்கு எவ்வளவு குறையும் என்று அந்தத் தாயைக் கேளுங்கள். அதை ஈடுசெய்ய உங்களில் எத்தனை பேர் கைகொடுப்பீர்கள் என்று முடிவு செய்துகொண்டு, பிறகு விண்ணப்பத்தை வெளியில் எடுங்கள்.