சீர்திருத்தவாதியின் இன்னொரு பக்கம்

கத்தோலிக்கத் திருச்சபையின் முறைகேடுகளை எதிர்த்து ஜெர்மனியில் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர் மார்ட்டின் லூதர் (1483–1546). இயேசு பிறப்பால் யூதர் என்பதை நினைவூட்டி, யூதர்களைக் கனிவோடு நடத்தும்படி 1523இல் எழுதினார். அதனால் அவர்கள் மதம் மாறுவார்கள் என்று நம்பினார். அது நடக்கவில்லை. 1543இல் அவர் வெளியிட்ட நூல், யூதரின் ஜெபஆலயங்களைக் கொளுத்தவும், வீடுகளை இடிக்கவும், ஜெபநூல்களைப் பறிக்கவும் ஆட்சியாளர்களைத் தூண்டியது.

லூதரின் பகை சமயத்தில் பிறந்தது. பிற்காலத்தில் வந்த நாஜிகளின் பகை இனக்கொள்கையில் பிறந்தது. ஆனால் முன்னவரின் புகழ் பின்னவர்களுக்குக் கேடயமாயிற்று. 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனியெங்கும் யூதரின் ஜெபஆலயங்களை நாஜிகள் எரித்தனர். நவம்பர் 10 லூதரின் பிறந்தநாள். துரிங்கியா பேராயர் மார்ட்டின் சாஸே, அந்த நாளில் அவை எரிந்ததைப் பெருமையாகச் சொல்லி, லூதரின் யூத எதிர்ப்பு எழுத்துகளைச் சிறுநூலாக்கினார். 1946இல் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் நாஜிப் பத்திரிகையாளர் யூலியஸ் ஸ்டிரைக்கரும் லூதரைத் தமக்குத் துணைக்கு இழுத்தார்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு வழியாகத் தமிழகத்திலும் லூதரின் மரபு வேரூன்றியது. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. இப்படிப் பல நாடுகளில் பரவிய மரபின் சார்பில், உலக லுத்தரன் தலைவர்கள் 1983இல் யூதப் பிரதிநிதிகளைச் சந்தித்தபோது, லூதரின் வன்சொற்களை ஏற்க இயலாது என்று வெளிப்படையாக அறிவித்தனர்.

ஒருவரின் சீர்திருத்தத்தை மதிப்பவர்கள், அவருடைய வெறுப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மறைக்கவும் கூடாது.