சாமியிடம் நம்பர் கேட்கலாமா?

ஞாயிறு வகுப்பு முடிந்ததும் நம் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, நம்பர் எடுக்கிறது பாவமா?" கூடவே ஒரு சமாதானமும் வரும். "ரெண்டு வெள்ளிதானே! யாரையும் ஏமாத்தல, யார்கிட்டயும் திருடல."

பாவம் என்ற ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. நம்ம வீடுகளில் நம்பர் எடுக்காத வீடு குறைவு. எடுப்பவர்களில் பலர் நல்ல அப்பாக்கள், நல்ல மாமாக்கள். அதனால் நிதானமாக யோசிப்போம். முதலில் காசுக் கணக்கு, பிறகு மனசுக் கணக்கு.

நாலு நம்பர் ஆட்டத்தில் 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கில் 23 எண்களுக்குப் பரிசு. 'பிக்' என்று ஒரு வெள்ளி போட்டால் முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. 'ஸ்பெஷல்' எண்கள் பத்துக்கும் தலா 180, ஆறுதல் எண்கள் பத்துக்கும் தலா 60. இப்போது ஒரு கற்பனை. அந்த 10,000 எண்களையும் தலா ஒரு வெள்ளிக்கு நீங்களே வாங்கிவிடுகிறீர்கள். எல்லாப் பரிசும் உங்களுக்குத்தான். கூட்டிப் பாருங்கள், கைக்கு வருவது 6,400. போட்டது 10,000. ஒரு எண் விடாமல் வாங்கிய ஆளுக்கே 3,600 வெள்ளி நட்டம் என்றால், ஒரு எண் வாங்கியவர் நிலை என்ன?

"ஒரே நம்பரை விடாம எடுத்தா ஒரு நாள் அடிக்கும்" என்பார்கள். புதன், சனி, ஞாயிறு என்று வாரம் மூன்று குலுக்கு, வருடத்துக்கு 156. முதல் பரிசுக்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. கணக்குப்படி சராசரியாக 64 வருடம் காத்திருக்க வேண்டும். 21 வயதில்தான் சட்டப்படி வாங்கலாம். தொடங்கியவருக்கு அடிக்கும்போது 85 வயது! "ரொம்ப நாளா வராத நம்பர், இந்த வாரம் கட்டாயம் வரும்" என்பதும் வீண் நம்பிக்கைதான். போன வாரம் என்ன வந்தது என்று உருளும் பந்துக்குத் தெரியாது.

டோட்டோவில் 58 எண்களில் ஆறைச் சரியாகச் சொல்லும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4 கோடிக்கும் அதிகமான சேர்க்கைகள் உண்டு. மலேசியாவில் உள்ள ஒவ்வொருவரும், தொட்டில் பிள்ளை உட்பட, ஆளுக்கு ஒரு வேறு சீட்டு வாங்கினாலும் ஜாக்பாட் யாருக்கும் அடிக்காமல் போகலாம்.

இதெல்லாம் தெரிந்தும் மக்கள் வாங்குகிறார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. "படம் பார்க்கக் காசு கொடுக்கிறோம், இது அந்த மாதிரி ஒரு பொழுதுபோக்கு" என்று ஒருவர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. அதைவிட வலுவான வாதம் ஒன்றும் இருக்கிறது. தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு உழைத்த நம் தாத்தா காலத்தில், எவ்வளவு உழைத்தாலும் லயத்து வீட்டைத் தாண்ட முடியாது என்பது கண் முன்னே தெரிந்த உண்மை. அந்த நிலையில் ஒரு சீட்டு என்பது மூன்று நாள் கனவு. "அடிச்சா ஒரு வீடு வாங்கலாம்" என்று நினைத்தபடி தூங்கிய மனுசனை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கனவுக்கு யாருடைய காசு போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. மகாபாரதத்தில் சூதாடியது துரியோதனன் மட்டும் இல்லை, தருமத்தின் மகன் என்று பேரெடுத்த யுதிஷ்டிரரும்தான். அவர் தம்பிகளை வைத்துத் தோற்றார், தன்னையும் வைத்துத் தோற்றார், பிறகு திரௌபதியை வைத்தார். அப்போது திரௌபதி ஒரு கேள்வி கேட்டனுப்பினாள். தன்னை முதலில் இழந்துவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மராலேயே அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வி இன்றும் நம் வீட்டுச் சமையலறையில் நிற்கிறது. ஒரு குலுக்குக்குப் பத்து வெள்ளி என்றால் வருடத்துக்கு 1,560 வெள்ளி. அதில் பிள்ளையின் டியூஷன் காசு இருக்கலாம், அம்மாவின் மருந்துக் காசு இருக்கலாம். தன் சம்பளம்தானே என்று அப்பா நினைப்பார். ஆனால் குடும்பம் என்று ஆன பிறகு முழுக்கத் தன் காசு என்று ஒன்று இல்லை. ரெண்டு வெள்ளியா இருநூறு வெள்ளியா என்பதைவிட, வீட்டில் சொல்லிவிட்டு எடுக்கிறோமா, மறைத்து எடுக்கிறோமா என்று பாருங்கள். மறைக்கத் தோன்றினால் பதில் உங்களுக்கே தெரிந்துவிட்டது.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. சாமியிடம் நம்பர் கேட்பது. மரத்தடி முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்துக் கேட்கிறோம், அருள் வந்து ஆடுபவரிடம் கேட்கிறோம், கனவில் பாம்பு வந்தால் புத்தகத்தைப் புரட்டி எண் தேடுகிறோம். என்ன வரம் கேட்கிறோம் என்று யோசித்தோமா? பரிசுப் பணம் வானத்திலிருந்து விழுவது இல்லை. அது தோற்ற மற்றவர்கள் போட்ட காசு, பெரும்பாலும் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களின் காசு. "மற்றவர்கள் எல்லாரும் தோற்கட்டும், எனக்கு மட்டும் சொல்லு" என்பதுதான் அந்த வேண்டுதலின் உட்பொருள். பக்கத்தில் நின்று கும்பிடுபவரும் அதே சாமியின் பிள்ளைதானே?

வள்ளுவர் சூதுக்கு 94-வது அதிகாரத்தையே ஒதுக்கினார். தோற்பவனைப் பார்த்து மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெயித்தாலும் அதை விரும்பாதே என்றுதான் தொடங்குகிறார். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலும் சூதாடியின் புலம்பலாக ஒரு சூக்தம் உண்டு. தாயத்தை விட்டு நிலத்தை உழச் சொல்லும் அறிவுரை அதில் வருகிறது. "கர்மா இருந்தா அடிக்கும்" என்பவர்களுக்கு இதைச் சொல்வேன். கர்மா என்ற சொல்லுக்கே செயல் என்றுதான் பொருள். சீட்டு வாங்கிவிட்டுக் காத்திருப்பதை நான் செயல் என்று சொல்ல மாட்டேன்.

அதிர்ஷ்டத்தின் மேல் ஆசை போகவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பேங்க் சிம்பானான் நேஷனலில் பத்து வெள்ளிக்கு ஒரு சேமிப்புச் சான்றிதழ் வாங்கலாம். அதற்கும் பரிசுக் குலுக்கு உண்டு. அடிக்காவிட்டாலும் போட்ட காசு உங்களுடையது. பிள்ளை இருந்தால் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பு இருக்கிறது. தாத்தாவுக்கு இல்லாத ஏணிகள் நமக்குக் கொஞ்சமாவது இருக்கின்றன. அவருடைய சமாதானத்தை நாமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டில் பெரியவர்கள் எடுத்தால் அவர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள், போதும். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் நம் தலைமுறையோடு நிறுத்திவிடுவோம். சாலையில் ஒரு கார் நொறுங்கிக் கிடக்கும். நம்ம ஆட்கள் வண்டியை ஓரங்கட்டி, கைப்பேசியை எடுத்து, பிளேட் நம்பரைப் படம் பிடிப்பார்கள். உள்ளே ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கலாம். தம்பி, தங்கைகளே, அந்த இடத்தில் நீங்கள் நின்றால் உங்களுக்கு வேண்டிய நம்பர் ஒன்றே ஒன்றுதான். 999.