ஞாயிறு காலை வகுப்பும் போர்ன்வில் வீடுகளும்

வணிகத்தில் ஈட்டிய பொருளில் ஒரு பங்கை எளியோருக்கென ஒதுக்குவது எல்லாச் சமயங்களும் வலியுறுத்தும் கடமையாகும். அக்கடமையைத் தவறாமல் ஆற்றிய செல்வர்களும் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1839ஆம் ஆண்டு பிறந்து 1922ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் மறைந்த ஜார்ஜ் கேட்பரியும் அந்த வரிசையில் வருபவரே. எனினும், ஏழைக்கு என்ன கொடுக்கலாம் என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், அவர் எங்கே உறங்கி எங்கே விழிக்கிறார் என்ற கேள்வி வரை சென்றவர் என்பதால், அவர் தனித்து நினைக்கத் தக்கவராகிறார். சாக்லேட் உறையின் மீது அவருடைய குடும்பப் பெயரை உலகம் முழுவதும் குழந்தைகள் படிக்கிறார்கள். அவருடைய பணியின் வேரோ அவர் பிறந்த சமயக் குழுவிலும், அவர் ஆசிரியராக அமர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பிலும் இருக்கிறது.

கேட்பரி குடும்பத்தார் குவேக்கர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரின் போதனையிலிருந்து எழுந்த இக்கிறித்தவக் குழு தன்னை நண்பர்கள் சங்கம் என்று அழைத்துக்கொள்கிறது; குருவானவரும் பீடமும் இல்லாத எளிய கூடத்தில் எல்லாரும் மௌனமாக அமர்ந்திருக்க, உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர் மட்டும் எழுந்து சில சொற்கள் பேசுவதே அவர்களுடைய மரபான வழிபாடாகும். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி உண்டு என்பது அவர்களது அடிப்படை நம்பிக்கையாதலால், போரை மறுப்பதிலும் பிற்காலத்தில் அடிமைமுறையை எதிர்ப்பதிலும் அவர்கள் முன்னின்றார்கள். அரசுத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்று ஒப்பமிட மறுத்த காரணத்தால், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறும் வழி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்களுக்கு அடைபட்டிருந்தது; ஆகவே முயற்சியுள்ள குவேக்கர் இளைஞர்கள் பலர் வணிகத்தின் பக்கம் திரும்பினார்கள். மது ஏழைக் குடும்பங்களைச் சீரழிப்பதைக் கண்டு வருந்திய அவர்கள், தேநீர், காப்பி, கோகோ ஆகியவற்றை அதற்கு மாற்றாகக் கருதினார்கள். ஜார்ஜின் தந்தை ஜான் கேட்பரி 1824ஆம் ஆண்டு பர்மிங்காமில் தொடங்கிய கடையும் அந்த மரபில் வந்ததே.

1861ஆம் ஆண்டு ஜார்ஜும் அவருடைய அண்ணன் ரிச்சர்டும் பொறுப்பேற்றபோது அத்தொழில் நலிந்து, மூடும் நிலையில் இருந்தது. தாய்வழி வந்த சொத்தை முதலாக இட்டுச் சில ஆண்டுகள் இழப்பையே கண்ட அவர்களுக்கு, 1866இல் டச்சுக்காரரான வான் ஹூட்டன் என்பாரின் அழுத்துபொறி வழி திறந்தது. அதுவரை கோகோவில் இயல்பாக உள்ள கொழுப்பை மறைப்பதற்காக மாவும் சவ்வரிசியும் கலந்து விற்பது வழக்கமாக இருந்தது. கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்துவிடும் அப்பொறியினால் கலப்பற்ற கோகோத் தூளைத் தர முடிந்தது. உணவுக் கலப்படத்தைத் தடுக்கும் சட்டங்கள் 1870களில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் உருவான காலத்தில், கலப்பற்ற பொருள் என்பதே அந்நிறுவனத்தின் வலிமையாக நின்றது.

இந்த வணிக வெற்றியைவிட நுணுகி ஆராயத் தக்கது, அதே ஆண்டுகளில் ஜார்ஜ் நடத்திய வகுப்பு. பர்மிங்காமின் செவர்ன் தெருவில் குவேக்கர்கள் நடத்திய முதியோர் பள்ளி, எழுத்தறியாத தொழிலாளர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கூடியது. அங்கே முதலில் எழுத்தும் வாசிப்பும், பின்னர் விவிலியமும் கற்பிக்கப்பட்டன. இருபது வயதளவில் அங்கே கற்பிக்கத் தொடங்கிய ஜார்ஜ் கேட்பரி, பெருஞ்செல்வரான பின்னரும் ஏறத்தாழ 50 ஆண்டுகள் அப்பணியை விடவில்லை. வாரத்தின் ஆறு நாளும் தொழிற்சாலையில் உழைத்த ஒருவர், ஓய்வுக்குரிய ஏழாம் நாளின் விடியலைக் குடிப்பழக்கத்தோடு போராடுபவர்களோடும் வறுமையில் உழல்பவர்களோடும் ஒரே பலகையில் அமர்ந்து செலவிட்டார் என்பது, அவர் எழுதிய எந்த நன்கொடைக் காசோலையையும்விட எடை மிகுந்த செய்தியாகும்.

அவ்வகுப்பு மாணவர்களின் வீடுகளுக்கு அவர் சென்றார். அக்காலத்து பர்மிங்காமில் தொழிலாளர் குடியிருப்புகள் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளாக இருந்தன. அதாவது, இரு வீடுகளுக்குப் பின்சுவர் ஒன்றே, பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாருக்குப் பொதுவானவையே, முகப்பில் மட்டுமே காற்றும் வெளிச்சமும் நுழைய வழி உண்டு. பல குடும்பங்களுக்கு ஒரே முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய், பொதுவான சில கழிப்பிடங்கள். ஞாயிறு காலையில் நல்வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுவிட்டுச் செல்பவர், எஞ்சிய பொழுதெல்லாம் இத்தகைய அறைக்குள் இருக்கவோ, அதைத் தாங்க மாட்டாமல் மதுக்கடையில் அமரவோ வேண்டியிருந்தது. மனிதரின் உள்ளத்தைத் திருத்தும் போதனை, அவர் வாழும் இடத்தைத் திருத்தாவிட்டால் நிலைக்காது என்ற முடிவுக்கு அவர் வந்தது அந்த முற்றங்களில்தான்.

1879இல் சகோதரர்கள் இருவரும் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவில், வயல்வெளி நடுவே போர்ன் என்னும் சிற்றோடையின் அருகே தொழிற்சாலையைக் கட்டி, அவ்விடத்துக்குப் போர்ன்வில் என்று பெயரிட்டிருந்தார்கள். 1893இல் ஜார்ஜ் கேட்பரி தம் சொந்தப் பொறுப்பில் அதனருகே 120 ஏக்கர் நிலம் வாங்கினார். 1895இல் வீடுகள் எழத் தொடங்கின. ஒவ்வொரு மனையிலும் கால்பங்குக்கு மேல் கட்டடம் நிற்கக் கூடாது, எஞ்சியது தோட்டமாக வேண்டும் என்பது விதி. குடியேறுவோர் வந்து சேரும் முன்னரே மண் கிளறப்பட்டுப் பழமரங்கள் நடப்பட்டிருந்தன. அந்த வீடுகள் கேட்பரி தொழிலாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தி. வேலை கொடுப்பவரே வீட்டுக்கும் உடைமையாளராக இருந்தால், வேலையை இழப்பவர் அதே நாளில் கூரையையும் இழப்பார். அந்தப் பிடி தம் கையில் இருப்பதை அவர் விரும்பவில்லை.

தொடக்கத்தில் வீடுகள் அடக்க விலைக்கே, நீண்டகாலக் குத்தகையில் கொடுக்கப்பட்டன. வாங்கியவர்களில் சிலர் அவற்றைக் கூடிய விலைக்குக் கைமாற்றத் தொடங்கியபோது, தனிமனிதர் ஒருவரின் நல்லெண்ணம் போதாது என்பது தெளிவாகியது. ஆகவே 1900ஆம் ஆண்டு டிசம்பரில், 330 ஏக்கர் நிலத்தையும் அதன்மேல் எழுந்திருந்த 313 வீடுகளையும் போர்ன்வில் கிராம அறக்கட்டளை என்ற அமைப்புக்கு அவர் முழுமையாக எழுதிக் கொடுத்தார். வரும் வாடகை அவருக்கோ அவருடைய பிள்ளைகளுக்கோ திரும்பாது. பராமரிப்புக்குப் போக மிஞ்சுவது மேலும் வீடுகள் கட்டவே செல்லும். அன்றுமுதல் அந்தச் சொத்து பெரும்பாலும், கொடுத்தவரை எதிர்பாராமல் தானே வளரலாயிற்று.

இக்கொடை அவருடைய குடும்பத்தை நெருக்கடிக்கு உள்ளாக்கவில்லை. எனினும் அது பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்ததே. முதல் மனைவி மேரி டைலரை 1887இல் இழந்த அவர், ஐந்து குழந்தைகளோடு இருந்த நிலையில் மறு ஆண்டு எலிசபெத் டெய்லரை மணந்தார். அவர்களுக்கு மேலும் அறுவர் பிறந்தனர். பெருஞ்சொத்தைக் கையளிப்பது பிள்ளைகளுக்கு நன்மையைவிடக் கேட்டையே தரும் என்று அவர் உறுதியாக நம்பினார். இல்லத்தில் அன்றாடம் நடந்த விவிலிய வாசிப்பும் சேரிக் குழந்தைகளுக்கு வீட்டுத் தோட்டத்தில் நடந்த விருந்துகளுமே அவர் அவர்களுக்கு விட்டுச் செல்ல விரும்பிய செல்வமாக இருந்தன. தாம் முன்னர் வாழ்ந்த உட்புரூக் என்னும் இல்லத்தை 1903இல் குவேக்கர் கல்வி நிலையமாக ஆக்கினார். வட்டமேசை மாநாட்டுக்காக 1931இல் இங்கிலாந்து சென்ற காந்தியடிகள் தங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று. முதியோர் ஓய்வூதியத்துக்காகவும் போயர் போருக்கு எதிராகவும் குரல் கொடுக்க ஒரு நாளிதழையே அவர் வாங்கி நடத்தினார்.

இத்தகைய வாழ்க்கையிலும் ஒரு வேதனையான பக்கம் உண்டு. அதை மறைத்து அவரை நினைவுகூர்வது அவர் போற்றிய உண்மைக்கே பொருந்தாது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் போர்ச்சுக்கீசியர் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து நிறுவனம் கோகோ வாங்கியது. அத்தீவின் தோட்டத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில், அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்டு ஊர் திரும்ப வழியின்றி வைக்கப்பட்ட அடிமைகளே என்ற செய்தி 1901இல் நிறுவனத்தை எட்டியது. நேரில் ஆராய 1905இல் ஜோசப் பர்ட் என்பவர் அனுப்பப்பட்டார். அரசுகளோடு பேச்சுகள் நீண்டன. கொள்முதல் நின்றதோ 1909இல்தான். இத்தாமதத்தைச் சுட்டி நிறுவனத்தின் நடத்தையைப் பாசாங்கு என்று இகழ்ந்த நாளிதழ் மீது தொடுக்கப்பட்ட அவதூறு வழக்கில் நடுவர் குழு கேட்பரி நிறுவனத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் இழப்பீடாக வழங்கியது ஒரே ஒரு ஃபார்த்திங், அதாவது ஒரு பென்னியில் கால்பங்கு. வாங்குவதை உடனே நிறுத்தினால் தொழிலாளர் நிலையைத் திருத்தும் செல்வாக்கும் போய்விடும் என்பது நிறுவனத்தின் வாதம். அவ்வாதத்தில் நேர்மை இருந்திருக்கலாம். ஆனால் எட்டு ஆண்டுகள் என்பது அத்தீவில் விழித்தவர்களுக்கு மிக நீண்ட காலம். பர்மிங்காம் தொழிலாளி எங்கே உறங்குகிறார் என்று தம் கண்ணால் கண்டு அறிந்தவர், கடலுக்கு அப்பால் கோகோக் காய் பறித்தவரின் உறைவிடத்தை அதே விரைவோடு உணரவில்லை.

1922இல் அவர் மறைந்தபோது போர்ன்வில்லில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அறக்கட்டளையின் தலைமையை அவருக்குப் பின் எலிசபெத் கேட்பரி ஏற்றார். பள்ளிக் குழந்தைகளின் மருத்துவப் பரிசோதனைக்காகவும் உலக அமைதிக்காகவும் உழைத்த அவ்வம்மையார், 1936இல் கல்கத்தாவில் கூடிய அனைத்துலக மகளிர் மன்ற மாநாட்டுக்குத் தம் நாட்டுக் குழுவைத் தலைமையேற்று அழைத்து வந்தார். அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. 313ஆகத் தொடங்கிய வீடுகள் இப்போது பல ஆயிரமாகியிருக்கின்றன.